நாற்பத்தொரு நொடி மீதம்

இடது திரையில் பழசு, வலது திரையில் புதுசு.
இரண்டையும் பக்கத்தில் வைத்து
வித்தியாசம் எழுதுவது என் வேலை.
பெல்லந்தூரில் ஐந்தாவது மாடி,
ஏசி எப்போதும் பதினெட்டில்.
பலகை தரையில் உரசும் சத்தம்: சரி.
முழங்கால் மடங்கும் கோணம்: புதுசில் மேல்.
கம்பிமேல் வழுக்கும்போது தெறிக்கும் பொறி:
பழசில் ஆரஞ்சுக் கட்டங்கள், புதுசில் நெருப்பு.
நன்றாக இருக்கிறது.
அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கிடங்கின் வடக்கு மூலையில்
சிவப்புப் பீப்பாயைத் தாண்டி
சுவரைப் பார்த்துச் சாய்ந்து குதித்தேன்.
மோதி விழுந்தான்.
தரையில் தேங்கிய மழைநீரில்
அவன் விழுந்த அலைகூடத் தெரிந்தது.
மறுபடி குதித்தேன். மறுபடி சுவர்.

பக் எண் 2217: கிணறு இல்லை.
பிரஜ்வல் அரைமணியில் அதை மூடினான்.
இது பிழையல்ல, பிழை பழசில்தான் இருந்தது,
திருத்திவிட்டோம்.

அவனிடம் எதைச் சொல்ல.
மர்பி டவுனில், சலூனை ஒட்டி, ஜெரால்டு கடை.
மணிக்குப் பதினைந்து ரூபாய்.
டெல்பினிடம் எட்டு, என்னிடம் ஏழு.
அந்த ஒரு ரூபாய் பாத்தியத்தில்
முதல் ஆட்டம் எப்போதும் அவளுக்கு.
ஓர் ஆட்டம் இரண்டு நிமிடம்,
பறந்தாலும் விழுந்தாலும் இரண்டே நிமிடம்,
அப்புறம் கை மாற்ற வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அந்த மூலையில் குதித்தவள்
சுவருக்குள் போய்விட்டாள்.
உள்ளே தரை இல்லை, சாம்பல் நிறம் மட்டும்.
பலகையோடு விழுந்துகொண்டே இருந்தாள்.
கடிகாரம் 0:41-இல் நின்றது.
வினையே அதுதான்.
ஆட்டம் முடியவில்லை, அதனால் கை மாறவில்லை.
பிறகு ஒவ்வொரு சனியும் நேராகக் கிணற்றுக்கு.
விழுந்தபடியே சுழன்று சுழன்று
லட்சம், கோடி என்று
எண்கள் பெட்டியை விட்டு வழியும்.
கரண்ட் போனால்தான் கிணறு வற்றும்.
நான் என் ஏழு ரூபாயோடு
ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.
ஆகஸ்டில் அவள் மணிக்கட்டைக் கடித்தேன்.
ஒன்றரை வருஷம் பேச்சில்லை.

அசலுக்கு ஈடா என்று கேட்கிறார்கள்.
எந்த அசலுக்கு?
ஜெரால்டின் வட்டு மெஜஸ்டிக் நடைபாதையில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கியது.
மேலே ஸ்கெட்ச் பேனாவில் பெயர்,
அதிலும் ஓர் எழுத்துத் தப்பு.
கீறல் விழுந்து, பாட்டு எப்போதும்
இரண்டாம் அடியில் திக்கி நிற்கும், மூன்று தடவை.
நாங்கள் அந்தத் திக்கலுக்கும் சேர்த்தே தலையாட்டினோம்.

புதுசு வெளியான வாரம் டெல்பின் வீட்டுக்கு வந்தாள்,
மகனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு.
"அம்மாடி, என்னமா திரும்புது!
பழசெல்லாம் ஒரு ஆட்டமா,
செங்கல்லுக்குச் சக்கரம் கட்டின மாதிரி."
கிணறு ஞாபகமிருக்கா என்றேன்.
"என்ன கிணறு?"
நடிக்கவில்லை.
நான் கடித்தது ஞாபகமிருந்தது, எதற்கென்பது இல்லை.

மூன்றாவது ஆட்டம்.
பேச்சு ஸ்கூல் ஃபீஸைப் பற்றி ஓடிக்கொண்டிருக்க
அவள் கட்டைவிரல் தன்பாட்டுக்கு
சிவப்புப் பீப்பாயைத் தேடிப் போனது.
மோதினாள். எழுந்தாள். மோதினாள்.
"இங்க ஏதோ இருந்துச்சுல்ல?"
நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது.
நேரம் தீர்ந்தது.
"இந்தா, உன் ஆட்டம்" என்று நீட்டினாள்,
எட்டு ரூபாய்க்காரி.

நான் எங்கும் குதிக்கவில்லை.
பலகையைக் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டுப்
பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் அடியைத் திக்காமல் கடந்து
நாங்கள் கேட்டேயிராத வரிக்குள் போனது.
சுமாரான வரிதான்.
பக்கத்தில் அவள் தலை மட்டும்
பழைய இடத்தில்
மூன்று தடவை ஆடி நின்றது.